தேதிகளில் எழுதப்படும் குடியுரிமை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானது. தென்பெண்ணைக் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த மூங்கில்துறைப்பட்டு மக்களுக்கு அன்று மாறியது முகவரியில் ஒரு சொல் மட்டும்தான். ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் நிலை அப்படியே இருந்தது. தான் இந்தியக் குடிமகன்தானா என்று அந்த ஊரில் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த 13ஆம் நாள், டிசம்பர் 9 அன்று, குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. புதிய மாவட்டத்தின் சின்னசேலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் மற்ற முகாம்களைப் போலவே அங்கு வாழ்பவர்களுக்கும் அந்த மசோதாவில் இடம் இல்லை. முகாம்களில் உள்ளவர்கள் மூங்கில்துறைப்பட்டுக்காரர்கள் பேசும் அதே மொழியைப் பேசுகிறார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அயலார். அதிலும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகைக்குள் அடைக்கப்பட்டவர்கள்.

இதை 2019இன் சட்டம் செய்த அநீதி என்று சொல்வதே நமக்குப் பழகிவிட்டது. சட்டத்தின் வரலாற்றை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கதவை அடைத்தது 2003. அடைத்த கதவில் சிலருக்கு மட்டும் திட்டிவாசல் வைத்தது 2019. முதலாவது நடந்தபோது தமிழ்நாட்டில் யாரும் தெருவுக்கு வரவில்லை. குடியுரிமைச் சட்டத்தை ஒரு நாடாளுமன்றம் எப்படித் திருத்துகிறது, திருத்தத்தின் உண்மையான கனம் எந்த வரியில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்த முகாம்களின் கதையைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

எளிய பெரும்பான்மை போதும்

இந்திய அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையிலான உறுப்புகள் குடியுரிமையைப் பற்றியவை. 1950இல் யார் யார் குடிமக்கள் என்பதை மட்டுமே அவை வரையறுத்தன. அதற்குப் பிறகு பிறப்பவர், வருபவர், போகிறவர் அனைவரையும் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை 11ஆம் உறுப்பு முழுமையாக நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 17ஆவது இனமாகக் குடியுரிமையும் அயலாரும் இடம்பெற்றிருப்பதால், மாநிலச் சட்டமன்றத்துக்கு இதில் சட்டம் இயற்றும் உரிமை துளியும் கிடையாது. 2021 செப்டம்பர் 8 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் சட்ட மதிப்பு ஒரு வேண்டுகோளின் மதிப்புதான்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒரு சாதாரணச் சட்டம். அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ மாநிலங்களின் ஒப்புதலோ தேவையில்லை. அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். உள்துறை அமைச்சகம் வரைவைத் தயாரிக்கும். சட்ட அமைச்சகம் சரிபார்க்கும். அமைச்சரவை ஒப்புதல் தரும். ஓர் அவையில் அறிமுகமான பிறகு மசோதாவைக் குழுவுக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். பிரிவு பிரிவாக வாக்கெடுத்து, மற்ற அவையிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டால் சட்டம் ஆகிறது. ஆனால் கையெழுத்தோடு வேலை முடிவதில்லை. சட்டம் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை அரசு தனி அறிவிக்கையில் சொல்லும். விண்ணப்பப் படிவம், ஆவணப் பட்டியல், யாரிடம் கொடுப்பது என்பதையெல்லாம் விதிகள் சொல்லும். இந்த இரண்டும் அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன.

ஆகவே குடியுரிமைச் சட்டத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் உண்டு. ஒருவர் அவையில் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறார், மற்றவர் அரசிதழில் எழுதுகிறார். முகாம் மக்களின் வாழ்க்கையில் இருவர் எழுத்தும் படிந்திருக்கிறது.

கொழும்பில் தொடங்கிய கணக்கு

முகாம்களில் வாழும் எல்லோருடைய கதையும் ஒன்றல்ல. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மன்னார் பகுதிகளின் பூர்வீகத் தமிழர்கள் ஒரு பகுதியினர். இன்னொரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, தென்னாற்காடு போன்ற அன்றைய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1958, 1977 ஆண்டுகளின் கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்து, 1983க்குப் பிறகு அங்கிருந்தும் ஓடி, படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்த குடும்பங்கள் இவற்றில் பல.

இவர்களை முதலில் நாடற்றவர்களாக்கியதும் ஒரு நாடாளுமன்றம்தான். சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை இலங்கை இயற்றியது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையோ அதற்கு முந்தைய தலைமுறைகளோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத் தொழிலாளர்களின் லயன் குடியிருப்புகளில் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டும் என்றானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. அடுத்த தேர்தலில் அந்த வாக்காளர்களே பட்டியலில் இல்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்துதான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி வந்து சேர்ந்தார்கள். 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் வர முடியாமல் சுமார் 84,000 பேர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள்.

பிறகு அதே கொழும்பு நாடாளுமன்றம், தான் போட்ட முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. 1986, 1988 ஆண்டுகளின் சட்டங்கள் சிலருக்கு வழிவிட்டன. 2003 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் குடியுரிமை வழங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளைச் சட்டம் தகுதி நாளாக எடுத்துக்கொண்டது. 2009இல் வந்த இன்னொரு திருத்தம், போரால் இந்தியாவுக்கு இடம்பெயர்ந்தவர்களுக்குத் தொடர்ச்சியான வசிப்பு நிபந்தனையைத் தளர்த்தியது. தமிழ்நாட்டின் மண்டபம், கொட்டப்பட்டு முகாம்களில் இருந்த மலையகத் தமிழருக்காகக் கொழும்பில் சட்டம் திருத்தப்பட்டது. அவர்கள் வாழும் நாட்டின் நாடாளுமன்றம் அந்த வேலையைச் செய்யவில்லை.

டெல்லியில் நெருங்கிய தேதிகள்

1955இன் மூலச் சட்டம் மிகத் தாராளமானது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த யாரும், தூதரகப் பிரதிநிதிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறப்பால் குடிமக்கள். பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. இந்திய வம்சாவளியினர் ஆறு மாதம் இங்கே வசித்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம்.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்கே ஆண்டுகளில் 1,34,000க்கும் மேற்பட்ட அகதிகள் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். அதே காலத்தில் அசாம் ஒப்பந்தமும் நடந்தது. 1985இல் அதற்காகச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருவோரைக் காரணம் காட்டி 1986இல் அடுத்த திருத்தம் வந்தது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றானது. பதிவுக்கான ஆறு மாதம் ஐந்து ஆண்டானது. இன்றும் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. இந்தியாவின் பிறப்புவழிக் குடியுரிமை சுருங்கியதற்கான காரணங்களில் நம் கடற்கரைக்கு வந்த படகுகளும் ஒன்று.

அந்தத் தேதி வெறும் எண்ணாக நிற்கவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, அவர் பிறந்த நாள் 1987 ஜூலை 1க்கு முந்தையது என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. முகாமில் வளர்ந்து 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தவர் அவர். பெற்றோருக்கு அடுத்த குழந்தை இரண்டாண்டு கழித்துப் பிறந்திருந்தால், அதே கூரையின் கீழ் அந்தக் குழந்தைக்கு இந்த உரிமை கிடைத்திருக்காது.

2003: இரண்டு நாடாளுமன்றங்கள், இரண்டு திசைகள்

கொழும்பில் 2003 அக்டோபரில் நாடற்றவருக்குக் கதவு திறந்தது. இரண்டே மாதத்தில், டிசம்பரில், டெல்லியில் வேறொரு திருத்தம் நிறைவேறியது. எல்.கே. அத்வானி உள்துறை அமைச்சர். மசோதாவின் முகப்பில் இருந்தது வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. என்ற சலுகை. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 16 நாடுகளில் குடியேறிய இந்திய வம்சாவளியினருக்கு அது கதவைத் திறந்தது. பத்திரிகைகள் அதைத்தான் பேசின.

உள்ளே இருந்த சிறிய வரையறையை யாரும் பேசவில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் வந்த அயல்நாட்டவர், அல்லது ஆவணத்தோடு வந்து அனுமதிக்கப்பட்ட காலத்துக்குமேல் தங்கிவிட்டவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றது 2ஆம் பிரிவு. பிறகு பதிவுக்கான 5ஆம் பிரிவிலும், இயல்புரிமைக்கான 6ஆம் பிரிவிலும் அதே நிபந்தனை சேர்ந்தது: விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பதிவுக்கான ஐந்து ஆண்டு ஏழானது. இயல்புரிமைக்கு வேண்டிய வசிப்புக் காலமும் நீண்டது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும்.

முகாமில் வாழ்பவர் ஒருவரை இந்த அளவுகோலில் நிறுத்திப் பாருங்கள். 1990இல் வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டுக்கும் மேலாக இங்கே வாழ்கிறார், வசிப்புக் கணக்கு நிரம்பி வழிகிறது. நன்னடத்தை வேண்டும் என்கிறது சட்டம். மாதாமாதம் வருவாய்த் துறையும் காவல் துறையின் கியூ பிரிவும் பதிவெடுத்து வந்திருக்கும் ஒருவரின் நடத்தையைப் பற்றி அரசுக்குத் தெரியாததில்லை. எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்கிறது மூன்றாம் அட்டவணை. தமிழ் அதில் ஒன்று. எல்லாக் கட்டங்களிலும் தேறியவர் ஒன்றில் மட்டும் தோற்கிறார். குண்டுக்குத் தப்பி இரவில் படகேறியவரின் கையில் விசா இல்லை.

இதைவிட அழுத்தமான ஒன்று 3ஆம் பிரிவில் இருக்கிறது. 2003இன் திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பிறக்கும் குழந்தைக்கு இரு பெற்றோரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 1984இல் முகாமில் பிறந்த பெண், சட்டப்படி இந்தியக் குடிமகள், முகாமிலேயே வளர்ந்த ஒருவரை மணக்கிறார். அந்த ஆண் குழந்தைப் பருவத்தில் படகில் வந்தவர். இவர்களுக்கு 2003இல் பிறந்த மகன் இந்தியன். 2006இல் பிறந்த மகள் அல்ல. தாய் குடிமகள், பிறந்தது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் என்பதெல்லாம் மகளுக்கு உதவாது.

இந்த மசோதா மாநிலங்களவையில் விவாதத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மன்மோகன் சிங் வங்கதேசத்தில் துன்புறுத்தப்படும் சிறுபான்மையினர் விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டார். 2019இல் ஆளும் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டிய பேச்சு அது. இருபது ஆண்டுகளாக முகாம்களில் இருந்த தமிழர்களுக்காகவும் அன்று இப்படி ஒரு குரல் உரக்க ஒலித்து, அவைக் குறிப்பில் ஏறி, பின்னாளில் மேற்கோளாகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய கட்சிகளில் ஒன்று அப்போது ஒன்றிய ஆட்சியில் பங்கு வகித்த காலம் அது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறிய பிறகும் அந்த வரையறை அசையவில்லை. பத்தாண்டு ஆட்சியில் பங்கேற்ற தமிழ்நாட்டுக் கட்சிகள் இதைத் தங்கள் முதல் பட்டியலில் வைக்கவில்லை. இதில் எந்த அணியும் கைகழுவிக்கொள்ள முடியாது.

2019: விலக்கு முதலில், சட்டம் பிறகு

2019இன் திருத்தத்தைப் புரிந்துகொள்ள 2015க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் இரண்டு அறிவிக்கைகளை வெளியிட்டது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சிறுபான்மைச் சமயத்தினருக்கு, ஆவணம் இல்லாமல் வந்த குற்றத்திலிருந்து விலக்கு அளித்தவை அவை. அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. இதற்கு எந்த அவையின் வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. 2016 ஜூலையில் அந்த விலக்கைக் குடியுரிமையாக மாற்றும் மசோதா வந்தது. கூட்டுக் குழு இரண்டாண்டுக்கும் மேலாக அதை ஆராய்ந்து 2019 ஜனவரி 7 அன்று அறிக்கை தந்தது. மறுநாளே மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே, மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியானது.

டிசம்பரில் புதிய வடிவில் திரும்பி வந்தபோது வேகம் வேறு. டிசம்பர் 9 அன்று அறிமுகமாகி, நள்ளிரவில் 311க்கு 80 என்ற வாக்கில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் டிசம்பர் 11 அன்று தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 99க்கு 124 என்று தோற்றது. மசோதா 125க்கு 105 என்று வென்றது. வித்தியாசம் 20 வாக்குகள். ஆதரித்தவர்களில் அ.தி.மு.க.வின் 11 பேரும் பா.ம.க.வின் ஒருவரும் இருந்தார்கள். இந்தப் பன்னிரண்டு வாக்குகள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 113க்கு 117 என்று மசோதா விழுந்திருக்கும். அன்று பன்னிரண்டு வாக்குகளின் விலையாக 'இலங்கை' என்ற ஒரு சொல்லைக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தப் பேரம் நடக்கவில்லை.

சட்டத்தின் உள்ளமைப்பு கவனிக்கத்தக்கது. சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறை நீக்கப்படவில்லை. அதன் அடியில் ஒரு காப்புரை மட்டும் சேர்ந்தது. மூன்று நாடுகள், ஆறு சமயங்கள், ஒரு கடைசித் தேதி, அத்துடன் அரசின் விலக்கு பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இப்படிப்பட்டவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார், அவருக்கு 11 ஆண்டு வசிப்பு ஐந்தாகக் குறையும். அண்டை நாட்டில் சமயத்தால் துன்புற்றவர்களுக்கு என்பது சொல்லப்பட்ட காரணம். இலங்கையில் நடந்தது இனத் துன்புறுத்தல் என்பதால் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான ஈழ அகதிகள் அந்தக் காரணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2020 ஜனவரி 10 முதல் சட்டம் அமலுக்கு வந்தாலும் விதிகள் வர 2024 மார்ச் 11 வரை ஆனது. நான்கு ஆண்டுக்கும் மேலாகச் சட்டம் இருந்தது, விண்ணப்பிக்க வழி இல்லை. நாடாளுமன்றம் ஓடிய வேகத்துக்கும் அரசிதழ் நகர்ந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு.

2025: பாதி வேலை முடிந்திருக்கிறது

2025இல் நாடாளுமன்றம் இன்னொரு பெரிய வேலையைச் செய்தது. 1920இன் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939இன் அயலார் பதிவுச் சட்டம், 1946இன் அயலார் சட்டம், 2000ஆம் ஆண்டின் விமான, கப்பல் நிறுவனப் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிக் குடியேற்றம், அயலார் சட்டம் என்ற ஒரே சட்டமாக்கியது. மார்ச் 27 அன்று மக்களவையிலும் ஏப்ரல் 2 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது.

அமலுக்கு வந்த கையோடு உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத காரணத்துக்கான சட்ட விளைவுகளிலிருந்து அந்த ஆணை விலக்கு அளித்தது. அந்த நாள் இலங்கையில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள். நாற்பதாண்டுக் காலம் தண்டனைக்குரியவராக எழுத்தில் இருந்த மக்களுக்கு இது சாதாரண ஆறுதல் அல்ல.

ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2015இல் மூன்று நாட்டவருக்குக் கிடைத்த விலக்கு, 2019இன் காப்புரை வந்த பிறகுதான் குடியுரிமைக்கு வழியானது. இலங்கைத் தமிழருக்கு இப்போது கிடைத்திருப்பது அதே முதல் படி. இரண்டாவது படி நாடாளுமன்றம் எடுத்துவைக்க வேண்டியது. அதற்கான முன்மாதிரி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்கக் காங்கிரஸ் 1929இல் ஒரு ஏற்பாட்டைச் செய்தது: 1921 ஜூனுக்கு முன்பே வந்து தங்கிவிட்டவர், வந்த வழிக்கு ஆவணம் இல்லாவிட்டாலும், நன்னடத்தை இருந்தால் நிரந்தரவாசியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அந்தத் தேதியைக் காங்கிரஸ் அவ்வப்போது முன்னகர்த்தியது. 1939இல் 1924க்கும், 1958இல் 1940க்கும், 1965இல் 1948க்கும், 1986இல் 1972 ஜனவரி 1க்கும் நகர்ந்தது. அதன் பிறகு நகரவே இல்லை. சட்டத்தின் வாசகம் அப்படியே உயிரோடு இருக்கிறது, தேதி பழையதாகிவிட்டதால் அதனால் பயன்பெறுகிறவர் வெகு சிலர். நாட்காட்டியில் ஒரு எண்ணை மாற்றாமல் விட்டாலே ஒரு சட்டம் செத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நீதிமன்றமும் மாநிலமும் எவ்வளவு தூரம் போகலாம்

2019 ஜூனில், திருத்தச் சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கினார். மலையக வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகளைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்ப்பது பொருந்தாது, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஒன்றிய அரசு அவற்றை 16 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. வாசலைத் தட்டும் உரிமையை அது தந்தது. வாசலைத் திறக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

மாநில அரசின் நிலையும் அதுவே. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டத்தை அறிவித்தது. அப்போதைய கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்து வெளியே 34,087 பேரும் வாழ்ந்தார்கள். 7,469 வீடுகள் கட்டவும், குடும்பத் தலைவருக்கான மாத உதவித் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கவும் முடிவானது. அகதி முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது. சிமெண்டுக் கூரை வீட்டுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் மாநில அரசு பணம் தரலாம். பொறியியல் படித்து முடித்த முகாம் இளைஞருக்கு அரசு வேலைத் தேர்வு எழுதும் தகுதியை அதனால் தர முடியாது. பாஸ்போர்ட்டையும் வாக்கையும் தர முடியாது.

அதிகாரம் வந்து சேர்ந்தால் மட்டும் வாழ்வு மாறிவிடாது என்பதும் கள்ளக்குறிச்சிக்குத் தெரிந்த உண்மைதான். இந்த மாவட்டத்தின் கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலைவாழ் மக்கள் அரசியலமைப்புப்படி 1950 முதலே குடிமக்கள், ஆனால் அரசு நிர்வாகம் மலையேற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 2024இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வேறுபாடு ஒன்று உண்டு. மலைமக்கள் சாலை கேட்டுப் போராடலாம், எம்.எல்.ஏ.வை மாற்றலாம், வழக்குப் போடலாம். குடியுரிமை இல்லாதவருக்கு அந்தக் கோரிக்கையை வைக்க ஒரு தேர்தல் மேடைகூட இல்லை.

செய்ய வேண்டியது

எல்லா முகாம்வாசிகளும் இந்தியக் குடியுரிமை கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிக் காணியை மீட்க விரும்புகிறவர்கள் உண்டு. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால், இங்கே குடிமகனானால் அங்கே உள்ள உரிமை என்னாகும் என்ற கவலையும் நியாயமானது. முகாம் மக்கள் இங்கேயே தங்கிவிட்டால் இலங்கையில் தமிழரின் எண்ணிக்கை பலம் குறையும் என்ற வாதத்தையும் கேட்கிறோம். 1964இல் மக்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்ட தவறு மீண்டும் நடக்கக் கூடாது. ஆகவே புதிய திருத்தம் யாரையும் குடிமகனாக ஆக்கிவிடாமல், விரும்புகிறவர் விண்ணப்பிக்கும் உரிமையாக இருக்க வேண்டும்.

அதற்கு மூன்று வரிகள் போதும். முதலாவது, 2025இன் ஆணையில் உள்ள தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார் என்று 2ஆம் பிரிவில் ஒரு காப்புரை. இரண்டாவது, அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்று 5ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு. மூன்றாவது, விதிகளை ஆறு மாதத்துக்குள் வெளியிட வேண்டும் என்ற கெடு. அரசு முன்வராவிட்டால் தனிநபர் மசோதாவாக யாரும் கொண்டுவரலாம். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை என்றாலும், 2015இல் திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி, பின்னர் அரசையே மசோதா கொண்டுவர வைத்தது. அவைக் குறிப்பில் ஏறும் ஒரு வரைவுக்கு அந்த அளவு வலு உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் செல்கிறார்கள். முகாம் மக்கள் யாருக்கும் வாக்களிக்க முடியாது, ஆகவே யாரையும் கேள்வி கேட்கவும் முடியாது. கேட்கும் கடமை வாக்குள்ளவர்களுடையது. அடுத்த முறை உங்கள் ஊருக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, ஒரு கேள்வி கேளுங்கள்: குடியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவைத் திருத்த மசோதா கொண்டுவருவீர்களா, எந்தக் கூட்டத்தொடரில்?